மிதித்த பிறகு வரும் அரை நொடி

பினாங்குத் தீவில் பாயா தெருபோங்கிலிருந்து மலையேறி பாலிக் புலாவில் இறங்கும் ஜாலான் துன் சார்டோன், காரின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும் சாலை. வளைவுக்கு மேல் வளைவு, நடுவில் ஏற்றம். அந்தச் சாலையில்தான் அப்பா முதல் முறையாக என் புதுக் காரை ஓட்டினார். முன்னால் ஒரு மணல் லாரி முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஓரம் அகலமான இடம் வந்ததும் லாரிக்காரர் இடது பக்கம் ஒதுங்கி, கையைக் காட்டி வழிவிட்டார். அப்பா மிதித்தார். கார் அப்படியே ஊர்ந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தார். அப்புறம் சட்டென்று இஞ்சின் கத்தியது, கார் பாய்ந்தது, அடுத்த வளைவு கண் முன்னால் வந்துவிட்டது. அப்பா பிரேக்கை அழுத்திப் பிடித்ததில் பின் சீட்டில் இருந்த அம்மாவின் பை கீழே விழுந்தது.

"என்னப்பா உன் காடி, நான் சொன்னா யோசிச்சிட்டுத்தான் செய்யுது" என்றார்.

நாற்பது வருடமாகக் கார் ஓட்டுகிறவர். எரிச்சலில் சொன்ன அந்த வார்த்தை அப்படியே உண்மை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றைய கார் மிதியைக் கேட்டுவிட்டு யோசிக்கத்தான் செய்கிறது. எதை யோசிக்கிறது, ஏன் அவ்வளவு நேரம், அதனால் ஓட்டுகிறவருக்கு என்ன ஆகிறது என்று சில மாதங்களாகப் படித்தும் அளந்தும் பார்த்தேன்.

அப்பா பழகியது பழைய புரோட்டோன் சாகாவில். 1985இல் பினாங்குப் பாலத்தைத் திறந்துவைத்தபோது பிரதமர் மகாதீர் ஒரு சாகாவைத் தானே ஓட்டிப் பாலத்தைக் கடந்தார். அதே வருடம்தான் சாகாவும் விற்பனைக்கு வந்தது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்ட கார் அது. அதில் ஆக்சிலரேட்டர் மிதியின் பின்னால் ஒரு இரும்புக் கம்பி கட்டியிருக்கும். சைக்கிள் பிரேக்குக்கு இருப்பது போன்ற கேபிள். மிதியை அழுத்தினால் கேபிள் இழுக்கும், கார்புரேட்டரில் இருக்கும் வட்டத் தகடு திரும்பும், இஞ்சினுக்குள் காற்று போகும். அந்தத் தகடுதான் த்ராட்டில். பெட்ரோல் இஞ்சினுக்கு எவ்வளவு காற்று என்பதை முடிவு செய்யும் கதவு. காலுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் வேறு யாரும் கிடையாது. காற்று எவ்வளவு போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலும் பின்னாலேயே போகும்.

கேபிள் கார்களில் தாமதமே கிடையாது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அது சரியில்லை. கார்புரேட்டர் வண்டியைத் திடீரென்று மிதித்தால் காற்று முந்திக்கொள்ளும், பெட்ரோல் பிந்தும், வண்டி ஒரு கணம் மூச்சுத் திணறும். அதைச் சரிக்கட்டவே கார்புரேட்டரில் ஒரு சின்ன பம்ப் வைத்து, மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சினார்கள். கேபிள் துருப்பிடித்தால் மிதி இறுகும். ஆட்டோ கியர் கார்களிலோ கியர் இறங்கவே தனி நேரம் வேண்டும். ஆனால் அந்தத் தாமதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஒரு வாரம் ஓட்டினால் காலுக்குப் பழகிவிடும்.

இப்போது அந்தக் கேபிள் இல்லை. 1980களின் கடைசியில் பிஎம்டபிள்யூ தன் 12 சிலிண்டர் 750ஐஎல் காரில் மின்சாரத்தால் இயங்கும் த்ராட்டிலைக் கொண்டுவந்தது. விலை உயர்ந்த கார்களில் தொடங்கியது மெல்ல மெல்ல எல்லாக் கார்களுக்கும் வந்துவிட்டது. ஏற்பாடு இதுதான்: மிதியின் மேல் பகுதியில் அது எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று பார்க்கும் சென்சார்கள் இரண்டு இருக்கும். பல கார்களில் ஒன்று காட்டும் மின்னழுத்தம் மற்றதில் பாதியாக இருக்கும்படி வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு பொருந்தாவிட்டால் எங்கோ பழுது என்று கணினிக்குத் தெரிந்துவிடும். இஞ்சினைக் கவனிக்கும் கணினியைப் பட்டறையில் ஈசியு என்பார்கள். அது சில மில்லி நொடிகளுக்கு ஒரு முறை மிதியைப் படிக்கிறது. பிறகு த்ராட்டில் பெட்டியில் உள்ள சிறு மோட்டாரிடம் எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் போகாவிட்டால் ஸ்பிரிங் தகட்டைக் கிட்டத்தட்ட மூடிய நிலைக்குத் தள்ளிவிடும். கொஞ்சம் மட்டும் திறந்திருக்கும், ஊர்ந்து போய் ஓரம் கட்டலாம்.

இதில் மோட்டார் மெதுவானது இல்லை. மூடிய தகட்டை முழுதாகத் திறக்க அதற்குப் பத்தில் ஒரு பங்கு நொடி அளவே தேவை. மின்சிக்னல் ஒயரில் போகும் நேரமோ கணக்கில் சேராது. அப்படியானால் அப்பா மலையில் உணர்ந்த அந்த நேரம் எங்கே போனது?

பெரும்பகுதி ஈசியு வேண்டுமென்றே எடுத்துக்கொண்ட நேரம்.

1990களின் இறுதியில் இஞ்சின் மென்பொருளில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை மிதி என்றால் 'கதவை இவ்வளவு திற' என்ற கட்டளை. அதன் பிறகு மிதி, 'எனக்கு இவ்வளவு இழுவிசை வேண்டும்' என்ற விண்ணப்பம் ஆகிவிட்டது. விண்ணப்பம் போடுவது நம் கால் மட்டும் இல்லை. சக்கரம் வழுக்கினால் நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு இழுவிசையைக் குறைக்கச் சொல்லும். கியர் மாறும் நேரத்தில் கியர் பெட்டி ஒரு கணம் குறைக்கச் சொல்லும். ஏர்கோண்ட் ஓடினால் அதற்கும் ஒரு பங்கு. க்ரூஸ் கொண்ட்ரோல் தனியாக ஒன்று கேட்கும். 2017 கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவி காரின் உயர் ரகத்தில் ஒரு வசதி சேர்த்தார்கள்: முன்னால் சுவரோ காரோ இருக்கும்போது பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டால், கார் இஞ்சின் வேகத்தை அடக்கிக்கொள்ளும். கேபிள் காரில் இதைச் செய்வது கடினம். எல்லா விண்ணப்பங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் ஈசியு கதவைத் திறக்கிறது.

அதோடு, காலின் விண்ணப்பத்தை அது அப்படியே எடுத்துக்கொள்வதும் இல்லை. கொஞ்சம் சீவி, மழுங்கச் செய்துதான் எடுத்துக்கொள்கிறது. இதற்குக் காரணங்கள் உண்டு. இஞ்சினிலிருந்து சக்கரம் வரை பல்சக்கரங்களும் தண்டுகளும் ரப்பர் தாங்கிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நூலளவு இடைவெளியோ நெகிழ்வோ உண்டு. திடீரென்று முழு இழுவிசையைக் கொடுத்தால் அந்த இடைவெளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மோதி, கார் முன்னும் பின்னும் உதறும். நெரிசலில் இப்படி உதறினால் பின்னால் இருப்பவர்களுக்குக் குமட்டும். அதனால் இடைவெளி அடைபடும் வரை மெதுவாகவும், அடைபட்ட பிறகு வேகமாகவும் இழுவிசையை ஏற்றுகிறார்கள். இரண்டாவது காரணம் புகை. காற்று திடீரென்று கூடினால் பெட்ரோல் கலவை சில கணங்களுக்குத் தடுமாறும். அந்தச் சில கணங்களில் வெளியேறும் நச்சுப் புகையைக் கேட்டலிடிக் கன்வெர்ட்டரால் முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. மேனுவல் கார் வைத்திருப்பவர்கள் கவனித்திருப்பார்கள்: கிளட்ச்சை மிதித்து ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இஞ்சின் சுற்று உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டு நிற்கும். அதற்கும் பெரும்பாலும் இந்தப் புகைக் கணக்குதான் காரணம். கதவைப் படாரென்று சாத்தாமல் மெல்லச் சாத்துகிறது ஈசியு.

மிதியின் வரைபடம் என்று ஒன்றும் இருக்கிறது. மிதி கால்வாசி இறங்கினால் த்ராட்டிலும் கால்வாசிதான் திறக்கும் என்ற கட்டாயம் இல்லை. சிக்கன முறையில் பாதி மிதித்தாலும் கொஞ்சமே கொடுக்கும்படி எழுதலாம். விற்பனைக் கூடத்திலிருந்து ஓட்டிப் பார்க்க எடுத்துப் போகிறவருக்குக் கார் துள்ளலாகத் தெரிய வேண்டும் என்று முதல் கால்வாசியிலேயே நிறையக் கொடுக்கும்படியும் எழுதலாம். பவர் என்றோ ஸ்போர்ட் என்றோ இருக்கும் பொத்தான் முதலில் மாற்றுவது இந்த வரைபடத்தையும் கியரின் நடத்தையையும்தான். இஞ்சினுக்குள் புதிதாகக் குதிரை எதுவும் ஏறிவிடாது.

த்ராட்டில் திறந்த பிறகும் காத்திருப்பு உண்டு. தகட்டுக்குப் பின்னால் இருக்கும் குழாய் அறை காற்றால் நிரம்ப வேண்டும். டர்போ இஞ்சின் என்றால் புகையின் வேகத்தில் டர்போவின் விசிறி சுழன்று, அழுத்தம் கூட வேண்டும். 2020இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50, 2021இல் வந்த பெரோடுவா அதிவா என்று சின்ன டர்போ இஞ்சின் நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. 1 லிட்டர் இஞ்சினிடமிருந்து பெரிய இஞ்சினின் இழுவையை வாங்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் குறைந்த சுற்றில் இருக்கும்போது அந்த இழுவை உடனே கிடைக்காது.

கடைசியாகக் கியர் பெட்டி. என்னைக் கேட்டால், 'த்ராட்டில் லேட்டாகுது' என்று நாம் திட்டும் பல சமயங்களில் குற்றவாளி இதுதான். சிவிடி என்ற வகை ஆட்டோ கியர் பெட்டியில் படிக்கட்டு போன்ற கியர்கள் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பட்டை ஓடுகிறது, கப்பிகள் விரிந்து சுருங்கி விகிதத்தை மாற்றுகின்றன. மிதித்ததும் விகிதத்தை இறக்கி இஞ்சினின் சுற்றை ஏற்றிவிட்டுத்தான் கார் வேகம் பிடிக்கும். சத்தம் முதலில், ஓட்டம் பிறகு. இரட்டைக் கிளட்ச் பெட்டி இன்னொரு விதம். அடுத்து எந்தக் கியர் வேண்டியிருக்கும் என்று ஊகித்து முன்கூட்டியே எடுத்துவைக்கும். ஊகம் சரியாக இருந்தால் மின்னல் வேகம். நாம் வேகத்தைக் குறைத்து மூன்றாவது கியரில் ஊர்ந்து கொண்டிருந்து, திடீரென்று இரண்டு கியர் கீழே கேட்டால், எடுத்துவைத்ததைப் போட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டியிருக்கும். துன் சார்டோன் மலையில் அப்பாவுக்கு நடந்தது, இந்த எல்லாமும் ஒன்றன் மேல் ஒன்றாக வரிசை கட்டி நின்றது.

சரி, இந்த அரை நொடியால் என்ன கெட்டுவிடும்?

எங்கள் தாமான் சிம்பாங்கில், அதாவது குடியிருப்பிலிருந்து பெரிய சாலையில் ஏறும் சந்திப்பில், சிக்னல் கிடையாது. வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலமிருந்து வருகிற வண்டிகளையும் இடமிருந்து வருகிற வண்டிகளையும் பார்த்து இடைவெளி பிடிக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போகும். அரை நொடியில் 8 மீட்டர். இரண்டு மைவியை ஒட்டி நிறுத்தினால் வரும் நீளம் அது. பாலத்தில் அனுமதிக்கப்பட்ட 80 கிலோமீட்டரில் அதே அரை நொடி 11 மீட்டர். குளுகோர் பக்கத்திலிருந்து பாலத்தில் ஏறிச் சேரும்போது, பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வரும் காலை நேரத்தில், 11 மீட்டர் சின்ன விஷயம் இல்லை. சிம்பாங்கில் நின்றதும் தானே அணைந்துவிடும் இஞ்சின் என்றால் அது மறுபடி உயிர் பெறும் நேரத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும், மீட்டர் கணக்கைவிடப் பெரிய ஆபத்து வேறு ஒன்று என்பதுதான் நான் வந்து சேர்ந்த இடம். தாமதம் ஒரே அளவாக இருந்தால் மனிதன் பழகிவிடுவான். லாரி ஓட்டுகிறவர்களைப் பாருங்கள். அவர்களுடைய வண்டி எவ்வளவு மெதுவாகக் கிளம்பும் என்பது அவர்களுக்குத் தெரியும், அதற்கேற்ற இடைவெளிக்காகக் காத்திருப்பார்கள். சிக்கல், தாமதம் நிலைமைக்கும் நேரத்துக்கும் தகுந்தாற்போல் மாறும்போது. முழுதாக நின்று கிளம்பினால் ஒரு மாதிரி, ஊர்ந்து வந்து மிதித்தால் வேறு மாதிரி. டர்போ சுழன்றுகொண்டிருந்தால் உடனே, ஓய்ந்திருந்தால் கொஞ்சம் கழித்து. சிக்கனப் பொத்தான் அமுங்கியிருந்தால் இன்னொன்று. மதிய வெயிலில் ஜெலுத்தோங் நெரிசலில் அரை மணி நேரம் நின்ற இஞ்சின், சூடான காற்றை உறிஞ்சும்போது பெட்ரோல் கலவை தாறுமாறாக எரிந்து தட்டல் வராமல் இருக்க எரியூட்டும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, கொஞ்சம் சோம்பலாகவே இழுக்கும். ஓட்டுகிறவரின் கணக்கு எதன் மேல் நிற்கும்?

வீட்டுக் குளியலறை ஹீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். திருகியதும் சூடு வராது. போதவில்லை என்று இன்னும் திருகுவோம். பத்து நொடி கழித்துச் சுடுதண்ணீர் கொட்டும், பதறி எதிர்ப்பக்கம் திருகுவோம், அப்புறம் ஜில்லென்று ஆகிவிடும். அப்பா மலையில் செய்தது அதேதான். முதல் மிதிக்குப் பதில் வருவதற்குள் இரண்டாவது மிதி போட்டார். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் வந்தது. பிறகு பிரேக். இது அவருடைய தவறு இல்லை. பதில் வரப் பிந்தினால் கை, கால் எல்லாமே இப்படித்தான் கூடுதலாகக் கேட்கும். விமானிகளுக்கே இது நடப்பதுண்டு, அதைத் தவிர்க்கத் தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள். கார் மாற்றுகிற நமக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. சாவியைக் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

என் காரில் தாமதம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினியைப் படிப்பதற்காக இருக்கும் ஓபிடி துளையில் மாட்டும் மலிவான ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். மிதி எத்தனை சதவீதம், த்ராட்டில் எத்தனை சதவீதம் என்று கைப்பேசியில் இரண்டு கோடுகளாகப் பார்க்கலாம். கார் நின்றிருக்கும்போது இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒட்டியே ஏறின. காலியான நேரான சாலையில், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சொல்ல, கியரை மேனுவல் முறையில் பிடித்துவைத்து மிதித்தேன். கார் கேட்டவுடன் நகர்ந்தது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் டி-யில் விட்டுவிட்டு மிதித்தால் அதே பழைய காத்திருப்பு. அதாவது என் காரில் பெரும்பங்கு கியர் பெட்டியின் யோசனை.

இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் ஏமாந்த கதையும் உண்டு. பிறை என்ற ஊர்ப் பக்கம் ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் த்ராட்டில் பெட்டி அழுக்கு, கழுவ வேண்டும் என்றார்கள். கழுவினார்கள், காசு வாங்கினார்கள், தாமதம் அப்படியே இருந்தது. அதோடு ஏர்கோண்ட் போட்டால் இஞ்சின் நடுங்கவும் தொடங்கியது. பிறகு எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வயதான ஃபோர்மேன் அண்ணன்தான் சொன்னார்: "அழுக்கு இருந்த இடத்துக்கு ஏத்த மாதிரி கம்ப்யூட்டர் கத்து வச்சிருக்கும் தம்பி. கழுவினா மறுபடி கத்துக் கொடுக்கணும். அத அவங்க செய்யல." பத்து நிமிடத்தில் சரியாக்கிக் கொடுத்தார். த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் கரி படிவது உண்மைதான். ஆனால் அது காட்டும் அறிகுறி நின்றிருக்கும்போது சுற்று ஏறி இறங்குவதும், விட்டு மிதித்தால் ஒட்டிப் பிரிவது போன்ற உணர்வும். ஓடும்போது வரும் நிதானமான தாமதத்துக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது.

அடுத்து விற்கப்படுவது த்ராட்டில் கொண்ட்ரோலர். மிதி சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் செருகும் சின்னப் பெட்டி, சில நூறு ரிங்கிட். நாம் 30 சதவீதம் மிதித்தால் அது 50 என்று ஈசியுவிடம் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. கார் துள்ளலாகத் தெரியும், அது பொய் இல்லை. ஆனால் டர்போ சுழலும் நேரமோ கியர் இறங்கும் நேரமோ ஒரு கணம்கூடக் குறையாது. இஞ்சினின் உச்ச சக்தியும் கூடாது. இன்னும் ஆழமாக மிதித்திருந்தால் கிடைத்திருக்கும் அதே பதில்தான் கிடைக்கிறது. மழையில் நனைந்த சிம்பாங்கில், நெரிசலில், மெல்ல மிதிக்க வேண்டிய இடங்களில் கட்டுப்பாடு குறைகிறது. சென்சார் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும் பாதுகாப்பு ஏற்பாட்டின் நடுவில் வெளியார் ஒருவரை உட்கார வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. வாரண்டியும் கேள்விக்குறியாகலாம்.

அந்தப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது டொயோட்டா விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். 2009, 2010இல் அமெரிக்காவில் கார்கள் தாமாகவே வேகம் எடுப்பதாகப் புகார்கள் குவிந்தன, லட்சக்கணக்கான கார்கள் திரும்பப் பெறப்பட்டன. மின்னணு த்ராட்டில்தான் காரணமா என்று பார்க்க நாசாவின் பொறியாளர்களையே அழைத்தார்கள். அப்படி வேகம் எடுக்க வைக்கும் மின்னணுக் கோளாறு எதையும் காணவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிவித்தார்கள். மிதி ஒட்டிக்கொள்வதும், தரை விரிப்பு மிதியில் சிக்குவதும்தான் உறுதியான காரணங்களாக நின்றன. வாக்குவாதம் அதோடு ஓயவில்லை. 2013இல் ஒக்லஹோமாவில் ஒரு வழக்கில், மென்பொருளில் குறை இருந்தது என்று வாதிட்ட தரப்புக்குச் சாதகமாக ஜூரி முடிவு சொன்னது. இப்போது பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றாக அழுந்தினால் பிரேக் சொல்வதையே கேட்கும் ஏற்பாடு பல கார்களில் இருக்கிறது. நம் வீடுகளில் விரிப்பின் மேல் ரப்பர் விரிப்பு, அதன் மேல் இன்னொன்று என்று போடும் பழக்கம் உண்டு. ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் கொக்கியில் மாட்டியதாக இருக்கட்டும். இந்த ஒரு வரிக்காகவே இந்தப் பத்தியை எழுதினேன்.

மின்சாரக் கார் வந்தால் இதெல்லாம் தீருமா என்று கேட்கிறார்கள். காற்று நிரம்புவது, டர்போ, கியர் இறங்குவது மூன்றும் அங்கே கிடையாது. மோட்டாரின் இழுவிசை உடனே வரும். உடனே வருவதாலேயே அதையும் மென்பொருளால் மழுங்கச் செய்துதான் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சிக்னலிலும் கழுத்து பின்னால் போகும். அங்கும் ஒரு வரைபடம், ஒரு பொத்தான், யாரோ ஒரு பொறியாளரின் முடிவு உண்டு. ஆனால் அந்தத் தாமதம் நிலையாக இருக்கிறது. நண்பர் ஒருவருடைய மின்சாரக் காரை பாலத்தின் நடு மேட்டில் ஓட்டிப் பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது அதுதான்.

அப்பாவுக்கு இதையெல்லாம் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். மறுவாரம் அதே மலையில் ஏறினோம். அடிவாரத்திலேயே பவர் பொத்தானை அழுத்தினார். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, வளைவின் நடுவிலேயே லேசாக மிதியைத் தொட்டுவைத்தார். கியர் அங்கேயே இறங்கிக்கொண்டது. வளைவு முடிந்து சாலை தெரிந்ததும் மிதியை ஒரே அளவில் அழுத்தி, கூட்டாமல் காத்திருந்தார். கார் வந்து சேர்ந்தது. சிம்பாங்கில் மட்டும் இப்போதும் அவருக்கு நம்பிக்கை இல்லை. முன்பு போகக்கூடிய இடைவெளி என்று நினைத்ததை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறார். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும் என்கிறார்.